குறைந்த முதலில் கணக்கு எழுதும் தொழில்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் பெரியவர்கள். அளந்தால் மட்டும் போதுமா? அளந்ததை எழுதி வைக்க வேண்டும். எழுதாத கணக்கு மறந்து போகும். மறந்த கணக்கில் சண்டை வரும். ஏமாற்றமும் வரும்.

திருப்பதியிலும் சித்தூரிலும் சிறு தொழில் செய்பவர்கள் நிறையப் பேர். பூ விற்பவர், இட்லிக் கடை வைத்திருப்பவர், பால் ஊற்றுபவர், மாந்தோப்பு வைத்திருப்பவர், தறி ஓட்டுபவர் என்று பலர். இவர்கள் உழைப்பில் குறை வைப்பதில்லை. ஆனால் எத்தனை பேர் கணக்கு எழுதுகிறார்கள்? பலருக்கு நேரம் இல்லை. சிலருக்கு எழுத வராது.

இவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதையே ஒரு சிறு தொழிலாகச் செய்யலாம். இதற்குப் பெரிய முதல் வேண்டாம். கடை வாடகை வேண்டாம். கூட்டலும் கழித்தலும் சரியாக வர வேண்டும். கையெழுத்து தெளிவாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நேர்மை வேண்டும்.

இந்தத் தொழிலை எப்படித் தொடங்குவது? என்னென்ன வேண்டும்? பார்ப்போம்.

கணக்குக்கு ஒரு பழைய வரலாறு

கணக்கு எழுதுவது நமக்குப் புதிது அல்ல. செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா நாடுகளுக்குப் போய் வட்டித் தொழில் செய்தார்கள். அவர்கள் கடையில் வேலைக்குச் சேரும் சிறுவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். பணப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கணக்குக் கற்றுக் கொண்டான். நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்ற சொற்கள் அந்தக் கணக்கு முறையில் வழங்கியவை.

இத்தாலி நாட்டில் 1494-ஆம் ஆண்டில் லூக்கா பாச்சோலி என்பவர் ஒரு கணிதப் புத்தகத்தை அச்சிட்டார். ஒவ்வொரு வரவு செலவையும் இரண்டு இடத்தில் எழுதும் முறையை அதில் விளக்கினார். இன்று கம்பெனிகள் எழுதும் கணக்கும் அந்த இரட்டைப் பதிவு முறைதான்.

நம் பக்கத்தில் நடந்தது என்ன?

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் சித்தூர் மாவட்டத்திலும் பக்கத்து நெல்லூர் மாவட்டத்திலும் இரவு வகுப்புகள் நடந்தன. நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் பெண்கள் சாராயக் கடைக்கு எதிராக எழுந்தார்கள். அது 1992-இல் பெரிய போராட்டம் ஆனது. 1993 அக்டோபர் முதல் ஆந்திராவில் சாராயம் தடை செய்யப்பட்டது.

சாராயத்துக்குப் போன காசு மிச்சமானது. அந்தக் காசைப் பெண்கள் சேமிக்கத் தொடங்கினார்கள். நாளுக்கு ஒரு ரூபாய் சேமிப்போம் என்றார்கள். இந்தச் சேமிப்பு ஆந்திரா முழுவதும் பரவியது. இந்தச் சங்கங்களை இன்றும் மக்கள் டுவாக்ரா சங்கம் என்றே சொல்கிறார்கள். டுவாக்ரா என்பது 1982-இல் வந்த ஓர் அரசுத் திட்டத்தின் பெயர். பிறகு திட்டங்கள் மாறின. பெயர் மட்டும் நிலைத்து விட்டது.

1992-இல் நபார்டு வங்கி 500 சங்கங்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. வங்கி கடன் கொடுக்கும் முன் எதைப் பார்க்கும்? சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும். நல்ல சங்கத்துக்கு ஐந்து விதிகள் உண்டு.

1. தவறாமல் கூட்டம் நடத்துவது.
2. தவறாமல் சேமிப்பது.
3. சங்கத்துக்குள் கடன் கொடுப்பது.
4. கடனைத் தவணையில் கட்டுவது.
5. கணக்கை ஒழுங்காக எழுதுவது.

முதல் நான்கையும் சரியாகச் செய்து ஐந்தாவதைக் கோட்டை விட்டால் என்ன ஆகும்? செய்த நான்குக்கும் சாட்சி இருக்காது. அதனால்தான் சங்கக் கணக்கு எழுதுவதற்கென்றே கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்றார்கள். புக் கீப்பர் என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. கணக்கு எழுதுவது கூலி தரும் வேலை என்று ஊருக்குத் தெரிந்தது அப்போதுதான்.

தொழில் தொடங்க என்னென்ன வேண்டும்?

முதலில் பொருள்கள். இது ஒரு மாதிரிப் பட்டியல். விலை ஊருக்கு ஊர் மாறும்.

நீள நோட்டு 4 – 320 ரூபாய்
கால்குலேட்டர் 1 – 250 ரூபாய்
பேனா, அடிக்கோல் – 80 ரூபாய்
சீட்டுகளைக் கோத்து வைக்க ஃபைல் 4 – 120 ரூபாய்
ரசீதுப் புத்தகம் – 200 ரூபாய்
பூட்டு உள்ள தகரப் பெட்டி – 600 ரூபாய்
மொத்தம் – 1,570 ரூபாய்

பூட்டு உள்ள பெட்டி எதற்கு? பிறர் கணக்கு உங்களிடம் இருக்கிறது. அதை வீட்டில் எல்லோரும் புரட்டிப் பார்க்கக் கூடாது. குழந்தைகள் கிறுக்கக் கூடாது. மழையில் நனையக் கூடாது. பெட்டி அதற்குத்தான்.

எதை உடனே வாங்க வேண்டாம்? மேசை, நாற்காலி வேண்டாம். வாடகைக்கு அறை வேண்டாம். கம்ப்யூட்டரும் இப்போது வேண்டாம். பெரிய கடைகள் டாலி போன்ற கம்ப்யூட்டர் கணக்கை வைத்துள்ளன. அதைப் பிறகு கற்றுக் கொள்ளலாம். நோட்டில் கணக்கு எழுதத் தெரியாதவருக்குக் கம்ப்யூட்டரிலும் கணக்கு வராது.

கடன் வாங்கித் தொடங்க வேண்டிய தொழில் அல்ல இது. பிறகு தொழில் பெருகி, கம்ப்யூட்டர் வாங்கப் பணம் தேவைப்படலாம். அப்போது வங்கியில் முத்ரா கடன் கேட்கலாம். இந்தத் திட்டம் 2015 ஏப்ரலில் தொடங்கியது. இதில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு. ஈடு வைக்க வேண்டியதில்லை. சிறு தொழில் என்று அரசிடம் பதிவு செய்ய உத்யம் பதிவு இருக்கிறது. 2020 ஜூலையில் தொடங்கிய இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது அரசுக் கட்டணம் என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மூன்று புத்தகங்கள்

சிறு கடைக்கு மூன்று புத்தகங்கள் போதும்.

ஒன்று, நாள் கணக்கு. அன்றன்று வந்த பணத்தையும் போன பணத்தையும் இதில் எழுத வேண்டும். தமிழில் வரவு, செலவு என்போம். தெலுங்கில் ஜமா, கர்ச்சு என்பார்கள். கடைக்காரருக்கு எந்த மொழி படிக்க வருமோ அந்த மொழியில் எழுதுங்கள். இரண்டுக்கும் எண்கள் ஒன்றுதான்.

இரண்டு, பேரேடு. இதில் ஆளுக்கு ஒரு பக்கம். யார் நமக்குத் தர வேண்டும், நாம் யாருக்குத் தர வேண்டும் என்பதை இது சொல்லும்.

மூன்று, சீட்டு ஃபைல். வாங்கிய பில், எடைச் சீட்டு, வங்கிச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக இதில் கோத்து வைக்க வேண்டும். நாள் கணக்கில் எழுதிய வரிக்குச் சாட்சி இந்தச் சீட்டுதான்.

ஒரு நாள் கணக்கு

திருப்பதியில் ஓர் அக்கா பூக்கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். கணக்கு எழுத ஒரு பெண் வருகிறார்.

"அக்கா, இன்னைக்கு எவ்வளவு லாபம்?" என்று கேட்கிறார் அந்தப் பெண்.

"அது என்னம்மா கேள்வி? கல்லாவில எண்ணிப் பாரு. 340 ரூபாய் இருக்குது. அதுதான் லாபம்."

கல்லாவில் இருப்பதுதான் லாபமா? கணக்கை எழுதிப் பார்ப்போம்.

காலையில் கையிருப்பு – 500

வரவு
பூ விற்றது, ரொக்கம் – 1,700
பழைய பாக்கி வந்தது – 200
கையிருப்போடு சேர்த்து மொத்தம் – 2,400

செலவு
பூ வாங்கியது – 1,500
வாழை நார் – 40
ஆட்டோ – 100
டீ – 20
தண்டல் கட்டியது – 100
வீட்டுக்கு அரிசி, காய் – 300
மொத்தம் – 2,060

மாலையில் கையிருப்பு – 340

கல்லாவில் 340 ரூபாய் சரியாக இருக்கிறது. ஆனால் இன்னொரு வரவும் இருக்கிறது. சில பேர் பணத்தைப் போன் மூலம் அனுப்பினார்கள். அது 700 ரூபாய். அது கல்லாவுக்கு வரவில்லை. வங்கிக்குப் போய் விட்டது. அதையும் எழுத வேண்டும்.

இப்போது லாபத்தைப் பார்ப்போம். அன்று விற்ற பூவின் மதிப்பு 1,700-உம் 700-உம் சேர்ந்து 2,400 ரூபாய். பழைய பாக்கி 200 ரூபாய் அன்றைய விற்பனை அல்ல. அது முன்பே விற்றது. கடைக்கு ஆன செலவு பூ, நார், ஆட்டோ, டீ ஆகியவை. மொத்தம் 1,660 ரூபாய். வீட்டுக்கு வாங்கிய அரிசி கடைச் செலவு அல்ல. தண்டல் பணத்தில் பெரும் பகுதி வாங்கிய கடனைத் திருப்பித் தருவது. அதையும் கடைச் செலவில் சேர்க்கக் கூடாது. ஆகவே லாபம் 2,400-இல் 1,660 போக 740 ரூபாய்.

"740 ரூபாயா? அப்படின்னா நான் நஷ்டத்தில ஓடலியா?"

"இல்லக்கா. கடை ஓடுது. பணம் வேற வழியில போகுது. அது எந்த வழின்னு கணக்கு காட்டும்."

கணக்கின் முதல் பயன் இதுதான். கடைப் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு என்று அது பிரித்துக் காட்டும்.

தண்டல் கடன் என்ன வட்டி?

அக்கா தண்டல் கட்டுகிறார் அல்லவா? அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

10,000 ரூபாய் தண்டல் என்பார்கள். கையில் தருவது 9,000 ரூபாய். தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். கட்டுவது 10,000 ரூபாய். ஆயிரம் ரூபாய்தானே போகிறது என்று தோன்றும்.

ஆனால் 9,000 ரூபாயும் 100 நாள் முழுவதும் கையில் இருப்பதில்லை. தினமும் கொஞ்சம் திரும்பிப் போகிறது. ஐம்பதாவது நாளில் ஏறத்தாழப் பாதிப் பணம் போய் விடுகிறது. சராசரியாகப் பார்த்தால் கையில் இருந்தது 4,500 ரூபாய்தான். அந்த 4,500 ரூபாய்க்கு 100 நாளில் 1,000 ரூபாய் வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் ஆறு ரூபாய்க்கும் மேல் ஆகிறது. அதாவது ஆறு வட்டிக்கும் மேல்.

சங்கத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்குக் கடன் கிடைக்கலாம். தெருவோர வியாபாரிகளுக்கு 2020 ஜூனில் ஸ்வநிதி என்ற கடன் திட்டம் வந்தது. முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது. 2025-இல் அதை 15,000 ஆக உயர்த்தினார்கள். எது மலிவு என்று அக்காவுக்குக் காட்டுவது கணக்கு எழுதுபவரின் வேலை. எதை வாங்குவது என்று முடிவு செய்வது அக்காவின் உரிமை.

பேரேடு எழுதும் முறை

பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு அக்கா தினமும் ஒரு மாலை தருகிறார். பணம் பிறகு வரும். பேரேட்டில் சாப்பாட்டுக் கடை என்று ஒரு பக்கம் திறக்க வேண்டும்.

ஜூன் 1, மாலை – 60. பாக்கி 60
ஜூன் 2, மாலை – 60. பாக்கி 120
ஜூன் 3, மாலை – 60. பாக்கி 180
ஜூன் 4, பணம் வந்தது – 100. பாக்கி 80

ஒவ்வொரு வரியிலும் பாக்கியை எழுதுங்கள். அப்போது மாதக் கடைசியில் கூட்டிக் கொண்டிருக்க வேண்டாம். கேட்ட உடனே சொல்லலாம். வாரம் ஒரு முறை சாப்பாட்டுக் கடைக்காரரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்கினால் இன்னும் நல்லது. பிறகு "நான் வாங்கவே இல்லை" என்ற பேச்சு வராது.

தொழிலுக்குத் தொழில் கணக்கு மாறும்

பூக்கடைக் கணக்கு போலவே எல்லாக் கணக்கும் இருக்காது.

சித்தூர்ப் பக்கம் மாந்தோப்பு அதிகம். தோத்தாபுரி என்ற கிளிமூக்கு மாம்பழம் கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. இங்கே முக்கியமானது எடைச் சீட்டு. 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் விலை மிகவும் சரிந்தது. கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க வேண்டும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அதில் 8 ரூபாய் தொழிற்சாலை தர வேண்டும். 4 ரூபாய் அரசு தரும்.

2,000 கிலோ போட்ட ஒரு விவசாயிக்கு எவ்வளவு வர வேண்டும்? தொழிற்சாலையிடம் இருந்து 16,000 ரூபாய். அரசிடம் இருந்து 8,000 ரூபாய். இந்த இரண்டு பணமும் ஒரே நாளில் வராது. எந்தத் தேதியில், எத்தனை கிலோ, எந்த வண்டியில் போனது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். எடைச் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் எது வந்தது, எது வரவில்லை என்று தெரியும். சீட்டு தொலைந்தால் கேட்க வழி இல்லை.

சித்தூர் வெல்ல மண்டிக்கு வெல்லம் கொண்டு போகிறவருக்கு வேறு கணக்கு. எடை, விலை, கமிஷன், ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி, முன்பணம் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுத வேண்டும். மொத்தமாக ஒரே தொகையை எழுதினால் எதில் எவ்வளவு பிடித்தார்கள் என்று தெரியாது.

நகரியில் விசைத்தறி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். கூலிக்கு நெய்பவருக்குப் பணக் கணக்கு மட்டும் போதாது. எத்தனை கிலோ நூல் வாங்கினோம், எத்தனை மீட்டர் துணி கொடுத்தோம் என்று எழுத வேண்டும். ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி வேலை செய்பவருக்கும் முன்பணக் கணக்கு முக்கியம். முன்பணம் எவ்வளவு கழிந்தது என்று எழுதாவிட்டால், அது என்றைக்கும் கழியாத கடனாக நிற்கும்.

பால் ஊற்றுபவருக்குக் காலை லிட்டர், மாலை லிட்டர், கொழுப்பு அளவு, விலை என்று நான்கு பத்திகள் வேண்டும். தீவனத்துக்குப் பிடித்த பணத்துக்கு ஐந்தாவது பத்தி வேண்டும்.

ஆகவே, புதிதாக ஒரு தொழில்காரர் உங்களிடம் வந்தால் முதல் நாளே எழுத உட்காராதீர்கள். அவர் தொழிலைப் போய்ப் பாருங்கள். பொருள் எப்படி வருகிறது, பணம் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். பிறகு கோடு போடுங்கள்.

சங்கக் கணக்கு எழுதும்போது

ஒரு சங்கத்தில் 10 பேர். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு. மாதம் 2,000 ரூபாய். ஒரு வருடத்தில் 24,000 ரூபாய். இது பத்துப் பேரின் வியர்வை. இதை வீட்டுக்கு எடுத்துப் போய் இரவில் தனியாக எழுதக் கூடாது. கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் எழுத வேண்டும். சங்கப் புத்தகத்தில் எழுதும்போதே உறுப்பினரின் பாஸ் புத்தகத்திலும் எழுத வேண்டும். எழுதியதை உரக்கப் படிக்க வேண்டும்.

கடன் வட்டியில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஒருவர் 10,000 ரூபாய் கடன் வாங்கினார். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. முதல் மாதம் வட்டி 100 ரூபாய். அசலில் 1,000 ரூபாய் கட்டினார். மீதி அசல் 9,000 ரூபாய். அடுத்த மாதம் வட்டி 90 ரூபாய்தான். மீண்டும் 100 ரூபாய் எழுதினால் அது தவறு. பத்து ரூபாய்தானே என்று விடக் கூடாது. கட்டிய அசலுக்கும் வட்டி கேட்பது அநியாயம்.

2010-இல் ஆந்திராவில் நடந்ததை மறக்கக் கூடாது. தனியார் நுண்கடன் நிறுவனங்கள் ஒரே வீட்டுக்குப் பல கடன்கள் கொடுத்தன. வசூலில் கெடுபிடி என்று புகார்கள் எழுந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. பல கடன் வாங்கிய வீட்டுக்கு முதலில் தேவை ஒரு தாள். யாரிடம் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கட்டினோம், எவ்வளவு மீதி என்று எல்லாக் கடனையும் அந்த ஒரே தாளில் எழுத வேண்டும். மொத்தத்தைக் கண்ணால் பார்த்தால், இன்னொரு கடன் வாங்கும் முன் கை யோசிக்கும்.

கூலி எவ்வளவு கேட்கலாம்?

முதலில் உங்கள் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். ஒரு சிறு கடைக்குத் தினம் கால் மணி நேரம் ஆகலாம். மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்க இரண்டு மணி நேரம் ஆகலாம். அதற்கு ஏற்ற கூலியை முன்னதாகவே பேசி விடுங்கள்.

ஒரு மாதிரி பாருங்கள். பத்துக் கடைகள். கடைக்கு மாதம் 400 ரூபாய். வரவு 4,000 ரூபாய். பஸ், நோட்டு, போன் செலவு 900 ரூபாய். மிச்சம் 3,100 ரூபாய். தொடக்கத்தில் இதுவே முழு வருமானம் ஆகாது. வேறு வேலையோடு சேர்த்துச் செய்யலாம். நல்ல பெயர் வந்தால் கடைகள் கூடும்.

ஒரே நாளில் பத்துக் கடை பிடிக்க வேண்டாம். முதல் மாதம் இரண்டு கடை போதும். இரண்டையும் பிழை இல்லாமல் எழுதுங்கள். மூன்றாவது கடையை அவர்களே கூட்டி வருவார்கள்.

கடைக்காரர் லாபத்தில் பங்கு கேட்காதீர்கள். மாதக் கூலி மட்டும் வாங்குங்கள். லாபத்தில் பங்கு இருந்தால் லாபத்தைக் கூட்டி எழுத மனம் போகும். உங்கள் கூலிக்கும் ரசீது கொடுங்கள். உங்கள் தொழிலுக்கும் ஒரு நாள் கணக்கு எழுதுங்கள்.

செய்யக் கூடாதவை

கணக்கு எழுதுபவர் கையில் ஒரு பெரிய அதிகாரம் வருகிறது. படிக்கத் தெரியாதவர் உங்களை நம்பி விரலை வைக்கிறார். முன்பு வட்டிக்காரர் எழுதியதே கணக்கு என்று இருந்தது. என்ன எழுதி இருக்கிறது என்று தெரியாமல் எத்தனையோ பேர் நிலத்தை இழந்தார்கள். அந்த நிலை உங்கள் பேனாவால் மீண்டும் வரக் கூடாது.

1. பென்சிலால் எழுதாதீர்கள். பேனாவால் எழுதுங்கள்.
2. பிழை வந்தால் அழிக்காதீர்கள். ஒரே கோடு போட்டு அடியுங்கள். பழைய எண் தெரிய வேண்டும். மேலே சரியான எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.
3. பக்கத்தைக் கிழிக்காதீர்கள். முதல் நாளே எல்லாப் பக்கத்துக்கும் எண் போடுங்கள்.
4. வெற்றுத் தாளில் யாரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்காதீர்கள்.
5. கடைக்காரர் பணத்தை உங்களிடம் வைத்துக் கொள்ளாதீர்கள். எழுதுவது உங்கள் வேலை. பணம் அவர் வேலை.
6. ஏ.டி.எம். ரகசிய எண்ணையும் போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் கேட்காதீர்கள். சொன்னாலும் வாங்காதீர்கள்.
7. ஒரு கடைக் கணக்கை இன்னொரு கடையில் பேசாதீர்கள்.
8. வங்கிக்கு ஒரு கணக்கு, வரிக்கு ஒரு கணக்கு என்று இரண்டு எழுதாதீர்கள்.
9. புத்தகம் கடைக்காரருடையது. கூலித் தகராறு வந்தாலும் புத்தகத்தைப் பிடித்து வைக்காதீர்கள்.

வாரம் ஒரு நாள் கணக்கை உரிமையாளருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவரையும் எண்களைப் படிக்கச் சொல்லுங்கள். அவரே எழுதக் கற்றுக் கொண்டால் ஒரு கடை போய் விடுமே என்று பயப்படாதீர்கள். கணக்கு புரிந்தவர்தான் கணக்குக்குக் கூலி கொடுப்பார்.

எல்லை எது?

கணக்கு எழுதுவது வேறு. தணிக்கை செய்வது வேறு. சட்டப்படி தணிக்கை செய்து கையெழுத்துப் போடும் உரிமை பட்டயக் கணக்கருக்கு உண்டு. மக்கள் அவரை ஆடிட்டர் என்கிறார்கள். நீங்கள் ஆடிட்டர் என்று போர்டு போடக் கூடாது. கணக்கு எழுதித் தரப்படும் என்று போடலாம்.

ஜி.எஸ்.டி. வரி 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. உங்களைப் போல் சேவைத் தொழில் செய்பவரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை பதிவு கட்டாயம் இல்லை. உங்களிடம் வரும் கடை பெரியதாக வளர்ந்தால், வரி வேலைக்கு நல்ல ஆடிட்டரிடம் அனுப்புங்கள். நீங்கள் ஒழுங்காக எழுதிய புத்தகம் இருந்தால் ஆடிட்டரின் வேலை பாதியாகக் குறையும்.

நம் ஊரில் யுகாதிக்குப் புதுக் கணக்குத் தொடங்குவார்கள். புத்தகத்துக்கு மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். அது நல்ல பழக்கம். ஆனால் வங்கிக்கும் வரிக்கும் ஆண்டு என்பது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மார்ச் 31 மாலை எல்லாப் பக்கத்தையும் கூட்டிக் கட்டுங்கள். கையில் இருக்கும் பணத்தை எண்ணுங்கள். வங்கிப் பாஸ் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். கடையில் மீதி இருக்கும் சரக்கையும் எண்ணி எழுதுங்கள். பிறகு ஏப்ரல் 1-இல் புதுப் பக்கம் திறங்கள்.

செய்து பாருங்கள்

ஓர் இட்லி வண்டி. காலையில் கையிருப்பு 300 ரூபாய். ரொக்கமாக விற்றது 1,850 ரூபாய். போனில் வந்தது 450 ரூபாய். அரிசி, உளுந்து 620 ரூபாய். எண்ணெய் 280 ரூபாய். கேஸ் 200 ரூபாய். காய்கறி 150 ரூபாய். மகளுக்குப் பள்ளி நோட்டு 180 ரூபாய். இவை எல்லாம் ரொக்கச் செலவு.

மாலையில் கல்லாவில் எவ்வளவு இருக்க வேண்டும்? அன்றைய லாபம் எவ்வளவு?

விடை: கல்லாவில் 720 ரூபாய். லாபம் 1,050 ரூபாய்.

விடை சரியாக வந்ததா? வந்தால் நீங்கள் கணக்கு எழுதத் தயார். வராவிட்டால் பூக்கடைக் கணக்கை இன்னொரு முறை படியுங்கள். பள்ளி நோட்டை எந்தச் செலவில் சேர்த்தீர்கள் என்று பாருங்கள்.

இன்று இரவே ஒரு நோட்டை எடுங்கள். முதலில் உங்கள் வீட்டுக் கணக்கை எழுதுங்கள். ஒரு மாதம் விடாமல் எழுதுங்கள். சொந்தக் கணக்கை ஒரு மாதம் எழுதியவரை நம்பி ஊரார் தங்கள் கணக்கைக் கொடுப்பார்கள்.